கறண்ட் இருக்கு, ஆனால் கறண்ட் இல்லை

எல்சி செய்தது இன்வேட்டர். நான் செய்தது அதைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். சாம்பல்தீவு ஐஸ் தொழிற்சாலையில் ஓடும் அந்தச் சாமானைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம், "முனாப் நானா, உள்ளுக்குள்ள என்ன இருக்கு?" என்று என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். உள்ளுக்குள் இருப்பது எனக்கு விளங்கியிருந்தால் நான் ஏன் இருபத்தாறு வருடமாக உட்துறைமுக வீதியில் தகரம் வெட்டிக்கொண்டு இருக்கிறேன்?

ஆனால் எல்சியைப் பற்றிச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. என்னுடைய பட்டறையின் பின்னறையில் இருந்துதான் அவர் அதைச் செய்தார். இடையில் எனக்கும் அவருக்கும் வந்த சண்டையையும் மறைக்க மாட்டேன். எனக்குக் கொஞ்சம் கோபம் கூட. கிண்ணியாவில் என் வீட்டுக்காரி ரபீக்காவிடம் கேட்டால் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை வெட்டிவிடுவாள்.

முதல் நாள் ஒரு கடுதாசியில் படம் கீறிக்கொண்டு வந்தார். நாற்பது வயது தாண்டிய, மெலிந்த, கண்ணாடி போட்ட பெண். படத்தில் ஒவ்வொரு துளைக்கும் அரை மில்லிமீற்றர் வரை அளவு போட்டிருந்தது.

"தங்கச்சி, இது பெட்டியா, இல்லாட்டிப் பல்லுக் கட்டுற வேலையா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "துளை பிழைச்சால் காத்துப் போகாது, நானா. காத்துப் போகாட்டில் உள்ளுக்கு வேகும். வெந்தால் என்ர ஆறு மாச வேலை போச்சு" என்றார்.

எனக்கு அந்தக் கதை பிடித்தது. 'வடிவா செய்து தாங்கோ' என்று சொல்லிவிட்டுப் போகிற ஆட்களைத்தான் எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. வடிவு என்றால் எத்தனை மில்லிமீற்றர்? யாருக்காவது தெரியுமா? எல்சியிடம் அந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது பெட்டி செய்து முடித்தபோது என் பின்னறையை வாடகைக்குக் கேட்டார். ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு அலுமாரி, இளைப்புக்காரன் போல மூச்சு வாங்கும் ஒரு லாப்டொப். அவ்வளவோடு வந்து குடியேறினார்.

பிறந்தது பாலையூற்றில், கலியாணம் முடித்து இருப்பது லிங்கநகரில். கணவர் றொபேட் கப்பலில் வேலை. வருடத்தில் பத்து மாதம் கடலில், மிச்சம் இரண்டு மாதம் நித்திரையில். எல்சி தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்துவிட்டுக் குவைத்துக்குப் போனவர். அங்கே ஆறு வருடம், ஆஸ்பத்திரிகளில் மின்சாரம் நின்றாலும் இயந்திரங்களை ஓடவைக்கும் பெரிய பெட்டிகளைத் திருத்துவதுதான் வேலை. மகள் ஜெனிதா சித்தி வீட்டில் வளர்ந்தாள். எட்டு வயதில் விட்டுப்போன பிள்ளை பதினாலு வயதில் விமான நிலையத்துக்கு வந்து, "நீங்கள் சுகமா?" என்று கேட்டுக் கை கொடுத்ததாம். இதை எல்சி எனக்கு ஒரே ஒருமுறைதான் சொன்னார். சொல்லிவிட்டு உடனே குனிந்து ஒரு திருகாணியைத் தேடத் தொடங்கினார். கீழே திருகாணி ஒன்றும் விழுந்திருக்கவில்லை.

மற்றவன் செய்ததைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போய், தானே ஒன்று செய்ய வேண்டும் என்றுதான் திரும்பி வந்திருக்கிறார். அப்படி என்ன பெரிய வேலை என்று ஒருநாள் பிளேன்டீ குடிக்கும்போது கேட்டுத் தொலைத்தேன். ஒரு மணித்தியாலம் போனது.

சோலார் தட்டிலிருந்து வரும் மின்சாரம் நேர்கோடு. வீதிக் கம்பியில் வருவது அலை. நொடிக்கு ஐம்பது தரம் வழுவழுப்பாக ஏறி இறங்கும். நேர்கோட்டை அலையாக்கிக் கம்பியோடு சேர்ப்பதுதான் இன்வேட்டர். ஆனால் அதற்கு வளைக்கத் தெரியாது, வெட்டத்தான் தெரியும். உள்ளே இருக்கும் சுவிச்சுகள் நொடிக்குப் பத்தாயிரம் தரம் போட்டு நிறுத்தி, நேர்கோட்டைத் துண்டு துண்டாக வெட்டி அலை போல ஆக்கிக் காட்டும்.

"அட, இது தகரத்தில வட்டம் வெட்டுற வேலைதானே" என்றேன். "கத்திரி நேராத்தான் வெட்டும். சின்னச் சின்ன வெட்டா நிறைய வெட்டினா வட்டம் மாதிரி வரும். புறகு அரத்தைப் போட்டுப் பிசிறு எடுக்கோணும். எடுக்காட்டிக் கையைக் கிழிச்சிப் போடும்."

எல்சி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அதேதான், நானா! அந்தப் பிசிறுக்குத்தான் ஹார்மோனிக்ஸ் எண்டு பேர். என்ர அரம் இந்தச் சுருளும் கப்பாசிற்றரும்."

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஹார்மோனிக்ஸ் என்ற சொல்லே கிடையாது. பிசிறுதான். பிசிறு கம்பியோடு போய் அக்கம்பக்கத்து மோட்டர்களை முனகவைக்கும், வீதியிலிருக்கும் ட்ரான்ஸ்போமரைச் சூடாக்கும். ஆகவே மின்சார சபைக் கந்தோர்க்காரர் ஒரு கோடு கீறி வைத்திருந்தார்கள்: மொத்தப் பிசிறு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் உன் பெட்டியைக் கம்பியில் தொட விடமாட்டோம்.

பெட்டியைக் கையால் செய்யும் முன்னர் எல்சி அதைக் கணினிக்குள் செய்து ஓடவிடுவார். சிமியுலேஷன். சுருளைக் கொஞ்சம் பெரிதாக்கு, ஓடவிடு. கப்பாசிற்றரைச் சின்னதாக்கு, மறுபடி ஓடவிடு. ஒரு ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம் பிடிக்கும். "என்ன, ஓடி முடிஞ்சுதா? தண்ணி குடுங்க பாவம்" என்று நான் கேட்பேன். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவையும் கடுதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். ஒருநாள் வாசலால் வந்த மான் ஒன்று கீழ் வரிசையைத் தின்றுவிட்டுப் போனது. எங்கள் ஊரில் மான்கள் மாடு போல வீதியில் திரியும், அவற்றுக்குக் கடுதாசி என்றால் பிஸ்கட்.

"எதைத் திண்டது?" என்றேன்.

"ஏழு வீதம் வந்த பக்கத்தை. நல்ல மான்" என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சாம்பல்தீவில் ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கும் கனகசுந்தரம் முதலாளி, கூரை முழுக்கச் சோலார் தட்டுப் போட்டார். இன்வேட்டரை வெளிநாட்டிலிருந்து எடுப்பதா, எல்சியிடம் எடுப்பதா என்று யோசித்து எல்சிக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான்: மின் கந்தோர் பரிசோதனையில் முதல் தரமே பாஸ் பண்ண வேண்டும். அதில் தவறினால் வெளிநாட்டுப் பெட்டி.

அதே மாதத்தில் குவைத்துக்காரன் மறுபடி கூப்பிட்டான். பழைய வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். தன் பெட்டியை வாங்க ஆளில்லாவிட்டால் பின்னறையில் உட்கார்ந்து மானுக்குக் கடுதாசி போடுவதில் பயனில்லை என்று எல்சிக்குத் தெரியும். ஏஜென்சிப் பொடியனிடம் டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். பரிசோதனை வியாழக்கிழமை, விமானம் சனிக்கிழமை. பிசிறு ஐந்துக்குக் கீழே வந்தால் எல்சி லிங்கநகரில். மேலே போனால் எல்சி குவைத்தில்.

ஜெனிதாவுக்கு அது சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடம். சுவர்க் கலண்டரில் பரீட்சை நாட்களைச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தவள், அம்மா போகும் சனிக்கிழமைக்கும் அதே பேனையால் ஒரு வட்டம் போட்டு வைத்தாள். எல்சி அதைக் கண்டும் காணாதவர் போலக் குசினிக்குள் போய்விட்டாராம்.

இனி, பிழை எங்கே நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் ஊர் ஆட்களால் மட்டும் செய்யக்கூடிய பிழை.

பெட்டியைக் கணினிக்குள் ஓட்டுவதென்றால் அது போய்ச் சேரும் கம்பியையும் கணினிக்குள் போட வேண்டும். அந்தக் கம்பி பலமானதா, சோனியா என்று எல்சிக்குத் தெரிய வேண்டும். தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கும் ஜமால்தீனுக்கு என் முன்னால்தான் போனில் கோல் எடுத்தார்.

"ஜமால்தீன் நானா, அங்க கறண்ட் எப்பிடி? உறுதியோ?"

"கறண்டப் பத்திக் கவலையே படாதீங்க மிஸ். கல்லு மாதிரி. போன நோன்புப் பெருநாளுக்குப் புறகு ஒரு நாளும் போகல்ல."

எல்சி கொப்பியில் 'கம்பி பலம்' என்று எழுதினார். சும்மா வாய்ப்பேச்சை நம்புகிற ஆள் அல்ல அவர். அளந்து பார்க்க நேரிலும் போனார். ஆனால் மெயின் பலகையைத் திறக்க வேண்டுமென்றால் இயந்திரங்கள் நிற்க வேண்டும். ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் நிற்பது வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மட்டும்தான். ஜமால்தீனும் ஆட்களும் பள்ளிக்குப் போன அந்த அமைதியான முக்கால் மணித்தியாலத்தில் எல்சி மீற்றரை வைத்தார். இருநூற்று முப்பத்தொரு வோல்ட். முள் அசையவே இல்லை. கல்லுத்தான்.

அந்தக் கல்லைக் கணினிக்குள் போட்டு ஓடவிட்டார். பிசிறு நூற்றுக்கு இரண்டு தசம் ஆறு. அன்றைக்குத்தான் எல்சி பாட்டு முணுமுணுப்பதை முதல்முறை கேட்டேன். கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவராம். நல்ல குரல். இரண்டு மாதத்தில் சுருள் சுற்றி, பலகை ஒட்டி, என் பெட்டிக்குள் எல்லாவற்றையும் இறக்கி, பரிசோதனைக்கு ஒன்பது நாள் முன்னர், ஒரு செவ்வாய்க்கிழமை சாம்பல்தீவுக்குக் கொண்டுபோய் நாங்களே ஓட்டிப் பார்த்தோம்.

ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் நல்ல பிள்ளை. பிறகு ஜமால்தீன் கொம்பிரசரைப் போட்டார். என் பெட்டி கத்தத் தொடங்கியது. முனகல் அல்ல, சரியான கீச்சுக் கத்தல். தொழிற்சாலை மதிலில் இருந்த காகம் எழும்பிப் போய்விட்டது. எல்சி மீற்றரைப் பார்த்தார். பதினொன்று.

"பெட்டி லூசா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் ஜமால்தீன்.

"என்ட பெட்டி லூசில்ல. உள்ளுக்குக் கத்துது" என்று பாய்ந்தேன். அந்த நேரத்தில் சொல்லக்கூடாத சொல். எல்சி சுவிச்சை நிறுத்தினார். திரும்பி வரும் வழி முழுக்க லொறியில் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

புதன், வியாழன், வெள்ளி, சனி. எல்சி பெட்டியைப் பிரித்தார், பூட்டினார், பிரித்தார். ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்தார். எல்லாம் சரி. கணினியில் ஓடவிட்டால் அது மறுபடியும் இரண்டு தசம் ஆறு என்று சத்தியம் பண்ணியது. "இது பொய் சொல்லுது" என்றேன் நான், சமாதானம் பேசும் எண்ணத்தில். "பொய் சொல்லத் தெரியாது, நானா. நான் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நான் எங்கயோ பிழையாக் கேட்டிருக்கிறன்" என்றார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை ஏஜென்சிப் பொடியன் டிக்கெட் பிரதியைப் பட்டறைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். எல்சி அதைச் சுவரில் ஒட்டவில்லை. அலுமாரிக்குள் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே வந்தார். வெள்ளைச் சீலையோடு. "நானா, பெட்டியைச் சுவரில தொங்கவிடுற பிரேமை அங்கயே வச்சு வெல்ட் பண்ணுவமோ? நாளைக்கு வருவீங்களோ?" என்று கேட்டார்.

"அங்க வெல்டிங் ஏலாது தங்கச்சி. இங்கயே செய்து கொண்டுபோவம்."

"ஏன் ஏலாது?"

"அங்க கறண்ட் இல்லையே."

"கறண்ட் இல்லையோ? ஜமால்தீன் நானா கல்லு மாதிரி எண்டு சொன்னவரே!"

"கறண்ட் இருக்கு, தங்கச்சி. ஆனா கறண்ட் இல்ல" என்றேன். அதற்கு மேல் எப்படி விளக்குவது என்று எனக்கு விளங்கவில்லை. இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் விளங்கும். "போன வருசம் ஐஸ் தகரம் தூக்கிற பிரேம் ஒண்டு ஒட்டப் போனனான். கொம்பிரசர் ஓடினா வெல்டிங் கம்பி பத்தாது, ஒட்டிக்கிட்டு நிக்கும். பல்பு மஞ்சளாப் போகும். கொம்பிரசரை நிப்பாட்டினாத்தான் நெருப்பு வரும். லைனுட கடைசி நுனியில இருக்கு அந்த இடம். கறண்ட் வரும், ஆனா பலம் இல்ல."

எல்சி கதிரையில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். போட்டார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மின்சாரம் வருகிறதா என்றாலும் கறண்ட். வோல்ட் போதுமா என்றாலும் கறண்ட். கம்பியில் எவ்வளவு ஓடுகிறது என்றாலும் அதே கறண்ட். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சமாளிக்கிறோம். எல்சி கேட்டது கம்பியின் பலத்தை. ஜமால்தீன் சொன்னது மின்வெட்டு இல்லை என்பதை. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லி, இரண்டு பேரும் சந்தோசமாகக் கோலை வைத்திருக்கிறார்கள். அளக்கப் போன நேரத்திலோ கொம்பிரசர் பள்ளிக்குப் போயிருந்தது.

"இதை ஏன், நானா, இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்ல?" என்று கத்தினார்.

"நீங்க கேட்டீங்களா?" என்று நானும் கத்தினேன். "நான் பெட்டி செய்யிறவன்! என்னட்ட ஆரும் கறண்டப் பத்திக் கேக்கிறதா? துளை எத்தின மில்லிமீற்றர் எண்டு மட்டும்தானே கேக்கிறீங்க!"

கத்திவிட்டு வெளியே போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் அவர்மேல் இல்லை. கோல் பேசும்போது பக்கத்தில் தகரம் வெட்டிக்கொண்டு நின்றவன் நான். 'கல்லு மாதிரி' என்பது என் காதிலும் விழுந்தது. அந்தத் தொழிற்சாலையில் வியர்த்து வழிந்து வெல்டிங் கம்பியை இழுத்துப் பிடுங்கியதும் நான்தான். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இது என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன். ஒரு பிள்ளையின் தாய் என் மெத்தனத்தால் விமானம் ஏறப் போகிறாள்.

உள்ளே போனபோது லாப்டொப் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கல்லை எடுத்துவிட்டு ஒரு நீண்ட, சோனிக் கம்பியைப் போட்டு எல்சி ஓடவிட்டிருந்தார். அது முடிய நாற்பது நிமிடம். நான் போய் இரண்டு பணிஸும் பிளேன்டீயும் வாங்கி வந்து மேசையில் வைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான். அவர் பணிஸைப் பிய்த்துச் சாப்பிட்டதால் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓட்டம் முடிந்தது. பத்து தசம் எட்டு.

எல்சி கையைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "வந்திட்டுது! நானா, வந்திட்டுது! பாருங்கோ, அதே கத்தல்!" திரையில் அலை முழுக்கப் பிசிறு, கோழி கொத்தின தகரம் மாதிரி. இப்படிக் கேவலமான ஒரு முடிவைப் பார்த்து ஒரு மனிசி இவ்வளவு சந்தோசப்பட்டதை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. ஆனால் எனக்கும் விளங்கியது. நோய் கணினிக்குள் வந்துவிட்டது. இனி மருந்தையும் அங்கேயே கொடுத்துப் பார்க்கலாம்.

திங்கட்கிழமை காலை போய், பெட்டிக்காக இழுத்திருந்த கம்பியில், கொம்பிரசர் ஓடும்போதே அளந்தோம். இருநூற்று நான்கு வோல்ட். "இதைத்தானே நான் கல்லு எண்டு சொன்னனான்" என்று ஜமால்தீன் பெருமையாக நின்றார். யாரும் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. எல்சி அந்த இறக்கத்தை வைத்துக் கம்பியின் சோனித்தனத்தைக் கணக்குப் பார்த்தார். கம்பி சோனியாக இருந்தால் சுருளும் கப்பாசிற்றரும் அதோடு சேர்ந்து ஊஞ்சல் ஆடத் தொடங்குமாம். அந்த ஆட்டத்தைத் தன் இன்வேட்டரே தள்ளித் தள்ளிப் பெரிதாக்கியதாம். அதுதான் கத்தல். மருந்து மூன்று: வீதிப் பக்கத்துச் சுருள் பெரிதாக வேண்டும், ஆட்டத்தைத் தின்ன ஒரு சின்னத் தடை போட வேண்டும், உள்ளே இருக்கும் மூளைக்கு அவசரப்படாதே என்று எழுதிக்கொடுக்க வேண்டும்.

திங்களும் செவ்வாயும் அவர் பதினேழு ஓட்டம் ஓடினார். பலமான கம்பி, சோனிக் கம்பி, அதைவிடச் சோனிக் கம்பி, கொம்பிரசர் போடும்போது, நிறுத்தும்போது. "ஏன் இவ்வளவு?" என்றேன். "இனி ஆரிட்டயும் எப்பிடிக் கறண்ட் எண்டு கேக்கமாட்டன். எல்லாக் கறண்டுக்கும் ஓடோணும்" என்றார். கடைசி ஓட்டம் மூன்று தசம் இரண்டு. புதன்கிழமை முழுக்க என்னுடைய முறை. பெரிய சுருளுக்கு இடமில்லாமல் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, நான்கு அங்குலம் வெளியே தள்ளி, புதுத் துளை போட்டேன். பார்க்கக் கன்னம் வீங்கின ஆள் மாதிரி இருந்தது. அரை மில்லிமீற்றர் பிழை இல்லை.

வியாழக்கிழமை மின் கந்தோரிலிருந்து வந்தது ஸப்வான் என்ற இளம் பொறியியலாளர். எங்கள் கிண்ணியா முத்தலிப்பின் மகன். எனக்குப் பெரிய ஆறுதலாகப் போய்விட்டது. கிட்டப் போய், "வாப்பா சுகமா மகன்? நானும் அவரும் ஒண்டா ஓதினாக்கள்" என்று கதையைத் தொடங்கினேன்.

"சுகம்தான் மாமா. ஆனா மீற்றருக்கு வாப்பாவைத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் கதவைத் திறந்தார்.

எனக்கு முகம் சிவந்தது. எல்சிக்கோ சிரிப்பு. அந்த நாளில் அவர் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான்.

அரை மணித்தியாலம் அளக்க வேண்டும், அதில் கொம்பிரசர் போடுவதும் நிறுத்துவதும் வர வேண்டும் என்று ஸப்வான் சொன்னார். இன்வேட்டர் ஓடத் தொடங்கியது. மூன்று தசம் ஒன்று. மூன்று தசம் இரண்டு. கனகசுந்தரம் முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். எல்சி மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. செபமா, கணக்கா என்று நான் கேட்கவில்லை.

"போடுங்க" என்றார் ஸப்வான். ஜமால்தீன் பிஸ்மி சொல்லிக் கொம்பிரசரைப் போட்டார்.

பல்பு மஞ்சளானது. மீற்றரில் நான்கு. நான்கு தசம் மூன்று. நான்கு தசம் எட்டு. எனக்குக் கத்தல் கேட்பது போல இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கத்தல் இல்லை. நான்கு தசம் எட்டிலேயே நின்றது. ஸப்வானின் பேனை நோட்டுக்கு மேலே நின்றது. எல்சி மீற்றரைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, "இறங்கும்" என்றார். நான்கு தசம் ஒன்று. மூன்று தசம் ஒன்பது. மூன்று தசம் ஆறு.

மிச்ச நேரம் முழுக்க, கொம்பிரசரை நிறுத்தியபோதும், அது மூன்று தசம் ஆறைத் தாண்டவில்லை. ஸப்வான் கையெழுத்து வைத்தார். போகும்போது என்னிடம் வந்து, "பெட்டி ஏன் மாமா ஒரு பக்கம் வீங்கியிருக்கு?" என்று கேட்டார். "அது கறண்ட் கதை, மகன். உங்களுக்கு விளங்காது" என்றேன்.

எல்லோரும் போனபின் எல்சி ஏஜென்சிப் பொடியனுக்குக் கோல் எடுத்தார். கை முழுக்க அழுக்கு என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, சனிக்கிழமை டிக்கெட்டைக் கான்சல் பண்ணுங்கோ. எனக்கு வேற வேலை கிடைச்சிட்டுது."

"நல்லது அக்கா. எந்த நாடு?"

"சாம்பல்தீவு."

பொடியன் குரலைத் தாழ்த்தி, "அங்க ஆள் எடுக்கிறாங்களோ, அக்கா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஊர் முழுவதையும் விமானம் ஏற்றி அனுப்புகிறவன் கேட்கிறான்!

"இன்னும் ரெண்டு பெட்டி செய்து முடியட்டும், பிறகு எடுப்பம்" என்றார் எல்சி. எடுப்பன் என்று தன்னை மட்டும் சொல்லவில்லை, எடுப்பம் என்றார். நான் ஸ்பேனர்களைத் துடைத்துப் பைக்குள் போட்டேன், அதைக் கேட்காதவன் போல.

லொறியில் ஏறியபின் ஜெனிதாவுக்கு, 'பாஸ். நான் போகேல்ல' என்று செய்தி அனுப்பினார். நான் வண்டியை எடுத்தேன். சாம்பல்தீவுப் பாலம் வரும்போது போன் டிங் என்றது. எல்சி பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, சத்தம் போட்டு அழத் தொடங்கினார். வண்டியை ஓரம் கட்டினேன்.

"என்ன தங்கச்சி? பிள்ளைக்கு என்னவும் நடந்ததா?"

போனை என்னிடம் நீட்டினார். 'ஓம் சரி. வீட்டில பாண் முடிஞ்சுது. வரேக்க வாங்கிக்கொண்டு வாங்கோ' என்று இருந்தது. அவ்வளவுதான். ஒரு பூ இல்லை, ஒரு முத்தப் படம் இல்லை.

"இதுக்கா அழுறீங்க?"

எல்சி சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "ஆறு வருசம், நானா. சப்பாத்துக் கேட்டவள், போன் கேட்டவள், சென்ட் கேட்டவள். குவைத்துக்கு ஆரும் பாண் சொல்லி அனுப்பமாட்டினம்."

வண்டியை எடுத்து, முன்னால் தெரிந்த பேக்கரி வாசலில் நிறுத்தினேன். எல்சி இறங்கிப்போய் இரண்டு றாத்தல் பாண், சூடாக, கடுதாசியில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தார்.